திருமணம், நிகழ்ச்சிப் படப்பிடிப்புக்கு எந்தக் கேமரா பை?

கேள்வியின் சாரம் இதுதான். கேட்பவரிடம் இரண்டு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் பாடிகளும் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்), 24-70 எஃப் 2.8, 70-200 எஃப் 2.8, 35 எஃப் 1.8, 85 எஃப் 1.8 ஆகிய நான்கு லென்ஸ்களும் (முதலில் வருவது மி.மீ. கணக்கில் குவியத் தூரம், எஃப் எண் ஒளி புகும் திறப்பின் அளவு), இரண்டு ஃப்ளாஷ்களும் இருக்கின்றன. திருமணங்களையும் நிறுவன நிகழ்ச்சிகளையும் பெரும்பாலும் உதவியாளர் இல்லாமல் தனியாகவே எடுக்கிறார். இப்போது வைத்திருப்பது ஒரு முதுகுப்பை. அதைக் கொடுத்துவிட்டுத் தோள்பை வாங்குவதா, சக்கரம் வைத்த டிராலி பை வாங்குவதா, அல்லது இன்னும் பெரிய முதுகுப்பையாகவே வாங்கிவிடுவதா என்று கேட்கிறார்.

முதுகுப்பையைக் கொடுக்க வேண்டாம். அதனுடன் நடுத்தர அளவுள்ள, பக்கங்கள் வளைந்து கொடுக்கும் ஒரு தோள்பையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். டிராலியை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். இந்த முடிவுக்கு ஏன் வருகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான், உங்களிடம் உள்ள கருவிகள் நாளை மாறினாலும் நீங்களே தேர்ந்தெடுக்க முடியும்.

பலருக்குப் பை அமையாமலேயே போவதற்குக் காரணம், ஒரே பையிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்ப்பதுதான். கருவிகளை வீட்டிலிருந்து நிகழ்விடத்துக்குச் சேதமில்லாமல் கொண்டு சேர்ப்பது ஒரு வேலை. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது, நின்ற நிலையில், கூட்டத்துக்கு நடுவே, மணமக்கள் மீதிருந்து பார்வையை அதிக நேரம் எடுக்காமல் அடுத்த லென்ஸை எடுக்க வழி செய்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு, இடிபடாமல் காக்கும் கெட்டியான திண்டும், நன்றாக மூடும் ஜிப்பும், எல்லாவற்றையும் கொள்ளும் அளவும் தேவைப்படுகின்றன. இரண்டாவது வேலைக்கு அதே கெட்டித் திண்டு இடத்தை அடைக்கிறது, அதே ஜிப் நேரத்தைத் தின்கிறது, அதே அளவு மற்றவர்கள் மீது இடிக்கிறது. ஆகவே நிகழ்விடத்துக்குக் கொண்டுவரும் பையை ஒன்றாகவும், நின்று வேலை செய்யும் பையை வேறொன்றாகவும் பிரித்துவிட்டால், கேள்வியின் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எடுத்துக்காட்டாகச் சோனியின் கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஏ7 4 என்ற மாடலின் பாடி பேட்டரியும் கார்டும் சேர்த்து 658 கிராம். இரண்டுக்கும் 1,316 கிராம். 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 695 கிராம், 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு முக்காலியில் பொருத்தும் காலர் வளையம் இல்லாமல் 1,045 கிராம், 35 எஃப் 1.8 லென்ஸ் 280 கிராம், 85 எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம். இவை மட்டுமே ஏறத்தாழ 3.7 கிலோ. ஃப்ளாஷ் ஒன்று பேட்டரியுடன் அரைக் கிலோவை ஒட்டி வரும். அவற்றையும், உதிரி பேட்டரிகள், சார்ஜர், ஃப்ளாஷைத் தொலைவிலிருந்து இயக்கும் டிரிகர், கார்டுப் பெட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 5.5 கிலோ அளவில் நிற்கும். இது வீட்டில் பையை நிரப்பும்போது உள்ள எடை. நிகழ்ச்சி தொடங்கியவுடன் ஒரு பாடியில் 24-70, மற்றதில் 70-200 என மாட்டித் தோளில் தொங்கவிட்டுவிட்டால், 3 கிலோவுக்குச் சற்று மேல் உங்கள் உடம்புக்கு மாறிவிடுகிறது. ஒரு ஃப்ளாஷும் கேமரா மீது ஏறிவிடும். அப்போது பையில் மிஞ்சுவது ஜூம் இல்லாத இரண்டு சிறிய ப்ரைம் லென்ஸ்கள் (35, 85), ஒரு ஃப்ளாஷ், சில பேட்டரிகள் ஆகியவை மட்டுமே. ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. கடையில் நின்று பை தேடும் பெரும்பாலோர் 5.5 கிலோவை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். மணிக்கணக்கில் தோளில் கிடக்கப்போவதோ அந்த ஒன்றரைக் கிலோ.

இங்கே ஒரு கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டும்: உங்கள் கேமராக்கள் எங்கே தொங்குகின்றன? இதைத் தீர்மானிக்காமல் பை வாங்கக் கூடாது. இரண்டு தோளிலும் மாட்டி, இரண்டு இடுப்புப் பக்கத்திலும் கேமரா தொங்கும் இரட்டை வார் அணிபவராக இருந்தால், தோள்பைக்கு உடம்பில் இடமே கிடையாது. எந்தப் பக்கம் மாட்டினாலும் பையும் கேமராவும் ஒன்றோடொன்று மோதும், வார்கள் பின்னிக்கொள்ளும், குனிந்து நிமிர்ந்தால் பையின் பக்கிள் லென்ஸின் முன்கண்ணாடியைத் தட்டும். அப்படிப்பட்டவருக்குத் தோள்பையை விட, இடுப்பு பெல்ட்டும் அதில் பின்புறமாகக் கோத்த ஒன்றிரண்டு லென்ஸ் உறைகளுமே பொருத்தம். மாறாக, ஒரு கேமராவைக் குறுக்கு வாரில் வலது பக்கமும், மற்றதைக் கையிலோ கழுத்து வாரிலோ வைத்துக்கொள்பவருக்கு இடது இடுப்பு காலியாக இருக்கும். அங்கே தோள்பை இயல்பாக உட்காரும். உங்கள் கேள்வியில் இரட்டை வார் பற்றிய குறிப்பு இல்லை என்பதால், நீங்கள் இரண்டாவது வகை என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

வேலைப்பையின் உண்மையான சோதனை லென்ஸ் மாற்றுவதில்தான் இருக்கிறது. அதை நிதானமாகப் பார்ப்போம். பை இடது இடுப்பில், சற்று முன்பக்கம் தள்ளி இருக்கிறது. அதன் மேல்மூடி மூடப்படாமல், பைக்கும் உங்கள் உடம்புக்கும் இடையே மடித்துச் செருகப்பட்டிருக்கிறது. உள்ளே 85 பின்பக்கம் மேலே பார்க்க நிற்கிறது. அதன் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி, வெறுமனே மேலே வைத்தாற்போல் விட்டிருக்கிறீர்கள். அதற்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, மாட்டியிருந்த 24-70ஐக் கழற்றிக் காலி அறையில் இறக்குகிறீர்கள். 85இன் மூடியை எடுத்து அந்த 24-70 மீது வைக்கிறீர்கள். 85ஐ எடுத்து மாட்டுகிறீர்கள். மொத்தத்தில் மூடி ஒன்றுதான் கைமாறியது. எதையும் சட்டைப் பையில் போடவில்லை, பல்லில் கடிக்கவில்லை, தரையில் வைக்கவில்லை. பழகிய கைக்கு இது சில நொடி வேலை. கழற்றும் முன் கேமராவை அணைத்துவிடுவது நல்லது. சில பாடிகளில் அணைக்கும்போது ஷட்டரை மூடிவைத்துச் சென்ஸாரைத் தூசியிலிருந்து காக்கும் அமைப்பும் உண்டு, அதைத் தேடி இயக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உயிரான இடம் அந்தக் காலி அறைதான். உங்களிடம் உள்ள லென்ஸ்களின் எண்ணிக்கைக்குச் சரியாக அறைகள் உள்ள பையை வாங்கினால், கழற்றிய லென்ஸுக்குப் போக இடமிருக்காது; ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை இறக்கும் வித்தையைச் செய்ய வேண்டியிருக்கும். மாற்ற நினைக்கும் லென்ஸ்களில் பெரியது எதுவோ, அதன் அளவுக்கு ஓர் அறை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா இன்க்வையரர் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டோம்கி 1970களின் நடுவில் தமக்கும் சக புகைப்படக்காரர்களுக்கும் வடிவமைத்த எஃப்-2 பை இன்றும் விற்பனையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பருத்தி கேன்வாஸ் துணி, பக்கங்களில் கனத்த ஸ்பாஞ்சு கிடையாது, நடுவில் நான்கு அறைகள் கொண்ட ஒரு செருகல், அவ்வளவுதான். மூன்றில் பொருள், ஒன்று காலி. திண்டு இல்லாததால் பை இடுப்பின் வளைவுக்கு ஏற்பப் படிகிறது, கூட்டத்தில் ஒடுங்கிக்கொள்கிறது. வார் பையின் அடிப்பகுதியைச் சுற்றி வந்து தைக்கப்பட்டிருப்பதால் எடை தையலில் தொங்காமல் வாரிலேயே உட்காருகிறது. வாரில் ரப்பர் இழை சேர்த்து நெய்திருப்பதால் தோளிலிருந்து நழுவாது. அந்தப் பையையே வாங்கச் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பையைப் பார்த்தாலும் இந்த நான்கு குணங்களும் அதில் உண்டா என்று பாருங்கள்.

முதுகுப்பை இந்தச் சோதனையில் தோற்றுவிடுகிறது. லென்ஸ் மாற்ற அதைத் தோளிலிருந்து இறக்கி, தரையில் கிடத்தி, ஜிப்பை மூன்று பக்கமும் இழுத்துத் திறந்து, குனிந்து எடுத்து, மறுபடி மூடி மாட்ட வேண்டும். அதற்குள் மோதிரம் மாற்றி முடிந்திருக்கும். திறக்காமல் மாட்டிக்கொண்டே நின்றாலும் தொல்லைதான்; முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் திரும்பும்போது இடிபடும் விருந்தினருக்குத்தான் தெரியும். பக்கவாட்டில் திறக்கும் வகைகள் உண்டு. ஒரு வாரைக் கழற்றிப் பையை முன்னால் சுழற்றினால் ஒரு பாடியை எடுக்கலாம். லென்ஸ் மாற்றுவதற்கு அது போதுமான வசதியாக எனக்குப் படவில்லை. ஆனால் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து நெடுந்தூரம் நடந்தோ, மாடிப் படி ஏறியோ, இரு சக்கர வண்டியில் அமர்ந்தோ போக வேண்டுமென்றால் முதுகுப்பைக்கு நிகர் எதுவும் இல்லை. எடை இரண்டு தோளிலும் இடுப்பிலும் பிரிகிறது, கை இரண்டும் காலியாக இருக்கின்றன. முதுகோடு ஒட்டும் பக்கத்தில் திறப்பு வைத்த பையாக இருந்தால், மாட்டியிருக்கும்போது பின்னாலிருந்து யாரும் திறக்க முடியாது. அதனால்தான் அதைக் கொடுக்க வேண்டாம் என்றேன்.

ஒற்றை வாரில் குறுக்காக மாட்டி முன்னால் இழுத்துக்கொள்ளும் ஸ்லிங் பை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு பாடி, இரண்டு சிறிய லென்ஸ் என்று சுருக்கமாக எடுப்பவருக்கு நன்றாக இருக்கும். உங்கள் 70-200 அதில் நுழைந்தால் மற்றவை நுழையாது.

70-200 பற்றிப் பேசும்போது உள்ளளவையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் தோள்பை வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். பையின் நீளத்தையும் அகலத்தையும் பார்ப்பார்கள், ஆழத்தைப் பார்க்க மாட்டார்கள். சோனியின் 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 200 மி.மீ. நீளம், நிக்கான் இசட் வரிசையில் உள்ளது 220 மி.மீ.; கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8, சுருங்கிய நிலையில் 146 மி.மீ. மட்டுமே. அதாவது கேனான்காரருக்கு லென்ஸ் நிமிர்ந்து நிற்கும் பை, மற்ற இருவருக்கும் மூடாது; படுக்க வைத்தால் இரண்டு அறைகளின் இடத்தைத் தின்னும். லென்ஸின் நீளத்தோடு முன், பின் மூடிகளுக்கும் சில மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்பான ஹூடைத் திருப்பி மாட்டினால் விட்டமும் கூடும். 70-200இன் வெளி விட்டம் 9 செ.மீ. அளவில் இருந்தாலும், திருப்பிய ஹூடோடு அது அந்த அறையில் நுழையாமல் போகலாம். 24-70 மாட்டிய ஒரு பாடி முழுதாக உள்ளே போகுமா என்பதையும் பாருங்கள். இடைவேளையில் கேமராவை இறக்கிவைக்கும்போது லென்ஸைக் கழற்றிக் கழற்றி வைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. விற்பனையாளர் தரும் அளவுகளில் உள்ளளவு, வெளியளவு என்று இரண்டு இருக்கும். திண்டு கனமான பைகளில் இவற்றுக்கிடையே ஒவ்வொரு பக்கமும் சில செ.மீ. வேறுபாடு வரும்.

அடுத்தது சத்தம். திருமணத்திலும் நிகழ்ச்சியிலும் முக்கியமான தேவை இது.  உறுதிமொழி சொல்லும் நேரத்திலோ, மேடையில் ஒருவர் தழுதழுத்துப் பேசும் நேரத்திலோ, அமைதியான அறையில் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பும். வீடியோ எடுப்பவரின் மைக்கிலும் அது பதியும். திங்க் டாங்க் நிறுவனத்தின் ரெட்ரோஸ்பெக்டிவ் வரிசையில் வெல்க்ரோவின் மேல் மடித்து மறைக்கும் துணிப்பட்டை இருக்கிறது. மடித்துவிட்டால் மூடி சத்தமில்லாமல் திறக்கும். உங்களுக்குப் பிடித்த பையில் அந்த வசதி இல்லாவிட்டால், வெல்க்ரோவின் மென்மையான பகுதியை அளவாக வெட்டிக் கொக்கிப் பகுதியின் மேல் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள், அதே பயன் கிடைக்கும். உலோகக் கொக்கி வைத்த மூடியும், காந்தத்தில் ஒட்டும் மூடியும் ஓரளவு அமைதியானவை. காந்தம் மெமரி கார்டில் உள்ள படங்களை அழித்துவிடுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. கார்டுகள் படங்களைக் காந்த முறையில் பதிவதில்லை, மின்னூட்டமாகச் சேமிக்கின்றன, ஆகையால் பைக் காந்தம் அவற்றை ஒன்றும் செய்யாது. காந்தப் பட்டை உள்ள விடுதி அறைச் சாவிக் கார்டை அங்கே வைத்தால் கதவு திறக்காமல் போகலாம், அவ்வளவுதான். ஜிப் இழுவைகளில் உலோகம் இருந்தால் கழற்றிவிட்டு நூல் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நடக்கும்போது எழும் கிலுகிலுப்பு நின்றுவிடும்.

வெளிநிறம் பற்றி நீண்ட வாதங்கள் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கறுப்பு, சாம்பல், பழுப்பு எதுவானாலும் சரி. எழுத்தும் சின்னமும் பெரிதாக இல்லாமல், அணியும் உடையோடு ஒத்துப்போனால் போதும். கவனிக்க வேண்டியது உள்நிறம். மங்கலான அரங்கில் கறுப்பு உள்துணிக்குள் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும். வெளிர் சாம்பல் அல்லது மஞ்சள் உள்துணி உள்ள பையில் பொருள் பளிச்சென்று தெரியும். இன்னொன்று, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கூரிய பக்கிள்கள். மெல்லிய சரிகையோ வலைத்துணியோ அணிந்த ஒருவரை உரசிக்கொண்டு போகும்போது அவை நூலை இழுத்துவிடும்.

பேட்டரி, கார்டுகளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: படம் பதிந்த கார்டு பையில் இருக்கக் கூடாது. பையை யாராவது எடுத்துச் சென்றால் லென்ஸை மறுபடி வாங்கலாம், அந்த நாளை மறுபடி எடுக்க முடியாது. சிறிய கார்டு உறையை ஒரு கயிற்றால் பெல்ட்டிலோ கால்சட்டைப் பையின் உட்புறத்திலோ கோத்து, உங்கள் உடம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் காலி கார்டுகள் முகம் மேலாகவும், பதிந்தவை முகம் கீழாகவும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் இருட்டில் குழப்பம் வராது. ஃப்ளாஷுக்கான ஏஏ பேட்டரிகளைப் பையின் அடியில் உதிரியாகப் போடாதீர்கள். சாவி, நாணயம் போன்ற உலோகத்தோடு முனைகள் உரசினால் மின்குறுக்கு ஏற்பட்டுச் சூடாகும். நான்கு நான்காகச் சிறிய பெட்டிகளில் போட்டு, முழுதாகச் சார்ஜ் ஆனவை ஒரு பக்கம், தீர்ந்தவை மறுபக்கம் என்று வையுங்கள்.

எந்தப் பொருள் எந்த அறையில் என்பதை ஒருமுறை தீர்மானித்துவிட்டு மாற்றாமல் இருப்பது, பையின் விலையை விட அதிகம் உதவும். கை தானாகவே போய் எடுக்கும் அளவுக்கு அது பழகிவிட வேண்டும். பையை முழுதாக அடுக்கியவுடன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் களைப்போடு எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது, அந்தப் படத்தையும் பையையும் ஒப்பிட்டால் எந்த அறை காலி என்பது உடனே தெரிந்துவிடும். மேடைக்குப் பின்னால் மறந்துவைத்த டிரிகர் அங்கேயே கிடக்காது.

இனி, கொண்டுவரும் பை. உங்கள் முதுகுப்பை இந்த வேலையைச் செய்யப் போகிறது. அதை எங்கே வைப்பது என்பது அது எப்படிப்பட்ட பை என்பதற்கு இணையான கேள்வி. நடைவழியில் வைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். நாற்காலிக்கு அடியில் வைத்தால் யாராவது காலால் தள்ளுவார்கள். ஒலி, ஒளிக் கருவிகளை இயக்குபவரின் மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருப்பார். அவரிடம் கேட்டுக்கொண்டு அங்கே வைப்பது பெரும்பாலும் நல்ல வழி. ஒரு கம்பிப் பூட்டால் அசையாத ஏதாவதொன்றோடு இணைத்துவிடுங்கள். உள்ளே உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

டிராலியை ஏன் தள்ளிப்போடச் சொன்னேன்? சமதளத் தரையில் அதைப் போல் சுகமானது வேறில்லை. பேட்டரியில் இயங்கும் பெரிய விளக்குகள், குடைகள் என்று கருவிகள் பெருகும்போது அது தவிர்க்க முடியாததாகிவிடும். ஆனால் படி, சரளைக்கல், புல்தரை ஆகிய மூன்றிலும் அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்போது அதன் சொந்த எடை தெரியும். விமானத்தில் செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. சக்கரம் வைத்த, கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டுப் பெட்டியான பெலிகன் 1510, பஞ்சு இல்லாமல் காலியாகவே 5 கிலோவைத் தாண்டும். அதில் உங்கள் 5.5 கிலோவை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் நின்றாலும் எடை இயந்திரம் ஒத்துக்கொள்ளாது. லேசான முதுகுப்பையில் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அளவு வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. நீளம் 55 செ.மீ. என்பது பரவலாகக் காணப்படும் எல்லை, அதில் சக்கரமும் கைப்பிடியும் அடக்கம். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும், முனைகளை மூடியிருக்க வேண்டும். பேட்டரியின் கொள்திறனைச் சொல்லும் வாட்-மணி அளவு 100 வரை இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு. சோனியின் எஃப்இசட்100 கேமரா பேட்டரி 16.4 வாட்-மணிதான் என்பதால் கேமரா பேட்டரிகளில் சிக்கல் வராது. பெரிய விளக்கின் பேட்டரியில்தான் எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும். லைட் ஸ்டாண்டுகளை எந்தப் பையின் பக்கத்திலும் கட்டித் தொங்கவிடாதீர்கள். அவற்றுக்கு ஒரு நீளமான துணி உறை போதும்.

துணி, தையல் பற்றிச் சுருக்கமாக. விளம்பரங்களில் 500, 1000, 1680 என்று வரும் டெனியர் எண், 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்கிறது. எண் கூடினால் நூல் தடிக்கும், உரசலைத் தாங்கும், எடையும் கூடும். தோளில் கிடக்கும் வேலைப்பைக்கு 500 அளவே போதும் என்பது என் கருத்து; தரையில் இழுபடும் பைக்குத்தான் பெரிய எண்கள். துணியைவிட முன்னதாக அறுந்துபோவது வார் பையோடு சேரும் இடம். அங்கே சதுரமும் அதன் குறுக்கே பெருக்கல் குறியும் போட்ட தையல் இருக்கிறதா, வளையம் உலோகமா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். ஜிப் வளைவுகளில் சிக்காமல் ஒரு கையால் ஓட வேண்டும். ஒய்கேகே போன்ற பெயர் பெற்ற ஜிப்பாக இருந்தால் கவலை குறையும். நீர் புகாதது போல் தோன்றும் பூச்சு ஜிப்புகள் தூறலைத் தடுக்கும், கொட்டும் மழையைத் தடுக்காது. தனி மழையுறை வேண்டும். துணியின் உட்புறத்தில் பூசப்படும் பாலியூரிதேன் ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சிதைந்து பிசுபிசுக்கத் தொடங்கும். அதைத் துவைத்துச் சரிசெய்ய இயலாது.

ஈரம் என்று வந்தபின் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தப் பையும் சேமிப்புப் பெட்டி அல்ல. ஸ்பாஞ்சும் துணியும் வியர்வையையும் மழை ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இருட்டும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வளர அதுவே தோதான இடம். நிகழ்ச்சி முடிந்து வந்ததும் கருவிகளை வெளியே எடுத்து, 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள உலர் பெட்டியில் வையுங்கள். பையைத் திறந்து காற்றாட விடுங்கள். தடுப்புகளைக் கழற்றி மாதம் ஒருமுறையாவது தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். லென்ஸ் மாற்றும்போது சென்ஸாரில் ஒட்டும் பஞ்சுத் துகளில் ஒரு பங்கு பையின் அடியிலிருந்துதான் வருகிறது. குளிரூட்டிய வண்டியிலிருந்து புழுக்கமான வெளிக்குப் போகும்போது மட்டும், பை மூடியே இருக்கட்டும். அரை மணி நேரம் பொறுத்துத் திறந்தால், உள்ளே காற்று மெல்லச் சூடேறியிருக்கும், லென்ஸ் மீது நீர் படியாது. திண்டுள்ள பை தன் திண்டுக்காகப் பாராட்டப்பட வேண்டிய இடம் அதுதான்.

வாங்கப் போகும்போது உங்கள் கருவிகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். காலிப் பையை மாட்டிப் பார்ப்பதால் பயனில்லை. நிரப்பி மாட்டிக்கொண்டு இருபது நிமிடமாவது கடைக்குள்ளேயே நடங்கள், படி ஏறி இறங்குங்கள், ஒரு காலில் மண்டியிட்டு எழுந்திருங்கள். மூடியைத் திறந்த நிலையில் முன்னால் குனிந்தால் ஏதாவது வெளியே சரிகிறதா என்று பாருங்கள். தரையில் வைத்தால் தானாக நிற்கிறதா, முன்பக்கம் கவிழ்கிறதா? ஃப்ளாஷை எடுக்க எத்தனை கை தேவைப்படுகிறது? இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, சீட்டுகளைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே இதே சோதனைகளைச் செய்யுங்கள்.

பழைய பை கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். கேன்வாஸ் பைகள் பழகப் பழகத்தான் இடுப்போடு படிகின்றன. உட்புறத்தைத் தடவிப் பிசுபிசுப்பு இருந்தாலும், முகர்ந்து பார்த்துப் பூஞ்சை வாடை வந்தாலும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாரின் தையல் பிரிந்திருந்தால் மட்டும், பை தைப்பவர் யாரிடமாவது கொடுத்துக் கெட்டியான நைலான் நூலால் தைத்துக்கொள்ளலாம்.